இரண்டாவது கிளாஸ்

கேள்வி: எனக்குச் சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா. கணவரின் அண்ணன் வீட்டு விருந்தில், அவரே போட்ட திராட்சை ஒயினைக் கொடுத்தார். “கெமிக்கல் ஏதாவது சேர்த்திருக்கீங்களா?” என்று கேட்டேன். “ஒண்ணுமே இல்லம்மா, சுத்தமா வீட்டுல போட்டது” என்றார். அரை கிளாஸ் குடித்தேன். கையோடு கடையில் வாங்கிய ஒயினும் ஒரு கிளாஸ். கால் மணி நேரத்தில் முகம் சிவந்து, நெஞ்சு இறுகி, மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். ஒயின் கெடாமலிருக்கப் போடும் மெட்டாபைசல்பைட் என்ற சல்பைட் உப்பைப் போட்டதை அவரே பிறகு ஒப்புக்கொண்டார். ஓரகத்தியோ நான் நடிப்பதாகச் சொல்லித் திரிகிறார். அவர்கள் மீதும் ஒயின் கம்பெனி மீதும் வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதம் ஆறு பக்கம். அதில் நாலு பக்கம் ஓரகத்தி. அவர் சொன்னது வலிக்கும்தான், வழக்குக்கு உதவாது. ஓரமாக வையுங்கள்.

உங்களைத் திணற வைத்தது எந்த பாட்டில்? வழக்கு முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. கேட்டும் “இல்லை” என்று சொன்னது கணவரின் அண்ணனுடைய கவனக்குறைவு என்று வாதிட நல்ல இடமுண்டு. ஆனால் அந்த வாதத்தை உங்கள் இரண்டாவது கிளாஸ் உடைத்துவிடுகிறது. நீங்களே அனுப்பிய போட்டோவில், கடை ஒயினின் பின்பக்க லேபிளில், பார்கோடுக்கு மேலே பொடி எழுத்தில் ‘சல்பைட் உள்ளது’ என்று இருக்கிறது.

குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்: “சல்பைட் இருப்பது தெரிந்திருந்தால் குடித்திருக்க மாட்டீர்கள், அப்படித்தானே?” ஆமாம் என்பீர்கள். “அப்படியானால் இந்த பாட்டிலை ஏன் குடித்தீர்கள்?” லேபிளைப் படித்தேன் என்றால் தெரிந்தே குடித்தவர். படிக்கவில்லை என்றால் சொல்லியும் கவனிக்காதவர். இரண்டில் எதைச் சொன்னாலும் அண்ணன் தப்பித்துவிடுவார்.

கம்பெனியை விட்டுவிடுங்கள். லிட்டருக்கு 10 மில்லிகிராம் சல்பைட் இருந்தாலே லேபிளில் சொல்ல வேண்டும் என்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விதி. இவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உற்பத்தியாளர் பொறுப்புக்கு எல்லோரும் காட்டும் 1932ஆம் ஆண்டு ‘டோனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன்’ தீர்ப்பில், நத்தை கிடந்ததாகச் சொல்லப்பட்ட ஜிஞ்சர் பீர் பாட்டில் உள்ளே தெரியாத கருநிறக் கண்ணாடி. உங்கள் பாட்டிலிலோ விஷயம் வெளியிலேயே ஒட்டியிருக்கிறது. (அந்த பாட்டிலில் நத்தை இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை. வழக்கு ராஜியில்தான் முடிந்தது.)

இனி, என் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழும் குழிக்கு வருகிறேன். மிச்ச ஒயினை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன், லேபுக்கு அனுப்பட்டுமா என்கிறீர்கள். திறந்த பாட்டிலில், சல்பைட்டிலிருந்து வரும் சல்பர் டை ஆக்சைடு நாளுக்கு நாள் குறையும். இப்படித்தான் ஒருவர் மூன்று வாரம் கழித்துத் தானே லேபுக்குக் கொடுத்து, வந்த ரிப்போர்ட்டைப் பெருமையாக நோட்டீஸோடு இணைத்தார். அளவு சொற்பம். எதிர்த்தரப்பு அதைத் தங்கள் ஆவணமாகவே தாக்கல் செய்தது. அதிகமாக வந்திருந்தாலும், இடையில் பாட்டில் யார் கையில் இருந்தது, யார் என்ன கலந்தார் என்று கேட்டிருப்பார்கள். இன்னொன்று: நொதிக்கும்போது ஈஸ்ட்டே கொஞ்சம் சல்பைட்டை உண்டாக்கும். ‘இருக்கிறது’ என்று காட்டினால் போதாது, எவ்வளவு என்று காட்ட வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். நீங்கள் பேச முடியாத நிலையில் டியூட்டி டாக்டரிடம் விவரம் சொன்னவர் கூட வந்த அண்ணன்தான். ‘இரண்டு வகை ஒயின் அருந்திய பின் மூச்சுத்திணறல்’ என்று அதில் எழுதியிருக்கிறது. சம்பவ நேரத்தில் எழுதிய அந்த ஒரு வரிதான், நீங்கள் இப்போது எழுதியிருக்கும் ஆறு பக்கத்தைவிட நீதிமன்றத்தில் எடுபடும்.

அதற்குமேல், ஒயின் குடித்து முகம் சிவப்பதெல்லாம் அலர்ஜி அல்ல. ஒயினில் இருக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் காரணமாகலாம். ஆல்கஹாலைச் செரிக்கும் என்சைம் குறைவாக இருப்பதாலும் சிவக்கும். சல்பைட்டுக்குத் தோல் பரிசோதனை பெரும்பாலும் எதையும் காட்டாது. மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. வீட்டில் நீங்களே முயன்று பார்க்காதீர்கள். முடிவு ‘இல்லை’ என்று வந்தால் உங்கள் வழக்கும் இல்லை. நோட்டீஸுக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

உங்கள் தம்பி யோசனை சொன்ன அந்த மெசேஜை, “பணம் தராவிட்டால் வீட்டில் மது தயாரிப்பதாகப் போலீசில் சொல்வோம்” என்பதை, அனுப்பவே கூடாது. உரிமம் இல்லாமல் தயாரிப்பது பல இடங்களில் குற்றம்தான். ஆனால் அதைச் சொல்லிப் பணம் கேட்டால் மிரட்டிப் பணம் பறித்த குற்றவாளியாக நீங்கள் நிற்பீர்கள்.

ராஜியாகப் போங்கள். ஆஸ்பத்திரி பில், மருந்து, பரிசோதனைச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம். இதற்குமேல் கேட்காதீர்கள். ‘தவறு என்னுடையது’ என்று அவர் எழுதித் தர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பேச்சு அங்கேயே முறியும். மெட்டாபைசல்பைட் போட்டதாக அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அழிக்காமல் வையுங்கள், யாருக்கும் ஃபார்வேர்டும் செய்யாதீர்கள். இப்போதைக்கு அவருக்கு பில் நகல் மட்டும் போகட்டும், என் பெயரில் அல்ல, உங்கள் கணவர் கையால்.