ஆய்வு வடிவமைப்புகளில் எதை எப்போது தெரிவு செய்ய வேண்டும்?

கேள்வி கேட்டவர் கல்வியியல் இறுதி வருட மாணவர். க.பொ.த. சாதாரண தர மாணவர்களின் கணிதப் பெறுபேற்றில் ரியூசனின் தாக்கம் என்பது அவரது தலைப்பு. வினாக்கொத்து தயாராகிவிட்டது என்றும், ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் எந்த வடிவமைப்பின் பெயரை எழுதுவது என்றுதான் தெரியவில்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் ஆய்வு முன்மொழிவுகளை வாசித்துக் கருத்துச் சொல்பவன் என்ற முறையில், இந்த ஒழுங்கு தலைகீழானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வினாக்கொத்து என்பது தரவு திரட்டும் கருவி மட்டுமே. யாரை யாரோடு, எந்தக் காலத்தில், எவ்வாறு ஒப்பிடப் போகிறீர்கள் என்ற ஏற்பாட்டுக்குத்தான் வடிவமைப்பு என்று பெயர்.

ஆய்வின் முடிவில் நீங்கள் எழுத விரும்பும் வாக்கியத்தை இன்றே ஒரு தாளில் எழுதுங்கள். அதனை மறுக்க நினைக்கும் ஒருவர் என்ன சொல்வார் என்பதை அதன் கீழே எழுதுங்கள். அந்த மறுப்புக்கு விடை தரக்கூடிய ஏற்பாடே உங்களுக்குரிய வடிவமைப்பு. "ரியூசன் கணிதப் பெறுபேற்றை உயர்த்துகிறது" என்பது உங்கள் வாக்கியமானால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் ஏற்கெனவே கெட்டிக்காரராக இருந்தவர்களுமே அங்கு அதிகம் போகிறார்கள் என்று மறுப்பவர் சொல்வார். ஒரே நாளில் வகுப்பறையில் நிரப்பி வாங்கிய வினாக்கொத்தால் அவருக்குப் பதில் சொல்ல முடியாது.

அதற்காக, ஒரு தடவை மட்டும் தரவெடுக்கும் குறுக்குவெட்டு ஆய்வை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு கல்வி வலயத்தில் தரம் 11 மாணவர்களில் எத்தனை வீதத்தினர், எத்தனை பாடங்களுக்கு ரியூசன் போகிறார்கள் என்று அறிவதற்கு அதுவே பொருத்தமானது, செலவும் குறைவு. ஆனால் மாதிரி எழுமாற்றாக, அதாவது எவரும் தெரிவாகச் சம வாய்ப்பு இருக்கும்படி சீட்டுக் குலுக்குவதுபோல, தெரியப்பட்டிருக்க வேண்டும். நம் ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வரும் 384 என்ற மாதிரி எண்ணிக்கை, 1970இல் கிரெஜ்சி, மோர்கன் ஆகியோர் வெளியிட்ட அட்டவணையில் மிகப் பெரிய குடித்தொகைகளுக்குரியது. எளிய எழுமாற்று மாதிரிக்கே அது பொருந்தும். தெரிந்த அதிபர்களின் மூன்று பாடசாலைகளில் 384 பேரைச் சேர்த்துவிட்டால் மாதிரி சரியாகிவிடும் என்று நம்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

குறுக்குவெட்டு ஆய்வில் காலமும் ஏமாற்றும். யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் இடும் உரத்திலுள்ள நைத்திரேற்று, மாரி மழையில் கழுவப்பட்டு, சுண்ணாம்புக்கல்லினூடாக நிலத்தடி நீரைச் சேர்கிறது. கிணறுகளில் ஒரு பருவத்தில் மட்டும் நீர் எடுத்து, குடிநீரிலுள்ள நைத்திரேற்றுக்கு உலக சுகாதார தாபனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவோடு ஒப்பிட்டுவிட்டு, "இக்கிணறுகள் பாதுகாப்பானவை" என்று எழுதினால், அந்த முடிவு அந்தப் பருவத்துக்கு மட்டுமே உரியது. அதே கிணறுகளை மாரிக்கு முன்னும் பின்னும் தொடர்ந்து அளந்தால் அது நெடுக்குவெட்டு ஆய்வாகிறது.

ஒப்பீட்டுக் குழு ஏன் வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் காட்டுவது, 1950இல் ரிச்சர்ட் டொல், பிராட்போர்ட் ஹில் ஆகியோர் வெளியிட்ட நுரையீரல் புற்றுநோய் ஆய்வு. நோயுற்ற ஆண்கள் 649 பேரில் புகைக்காதவர்கள் இரண்டு பேர் மட்டுமே. இதை மட்டும் பார்த்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் வேறு நோய்களுக்காக மருத்துவமனையில் இருந்த 649 ஆண்களிலும் புகைக்காதவர்கள் 27 பேர்தான்; அன்றைய பிரித்தானியாவில் அநேகமாக எல்லா ஆண்களும் புகைத்தார்கள். 2க்கும் 27க்கும் இடையிலான வேறுபாட்டிலும், நோயாளிகளிடையே கூடுதலாகப் புகைத்தவர்களின் விகிதம் உயர்ந்திருந்ததிலுமே அவர்களுடைய வாதம் நின்றது. விளைவிலிருந்து பின்னோக்கிச் செல்லும் இந்த வடிவமைப்பு, அரிதாக நிகழ்பவற்றுக்கும் நீண்ட காலம் காத்திருக்க முடியாதவற்றுக்கும் ஏற்றது. நோயாளியின் நினைவு சாய்ந்திருக்கலாம் என்ற மறுப்பு அப்போதும் எஞ்சியிருந்தது. ஆகவே 1951இல் அவர்கள் பிரித்தானிய மருத்துவர்களிடம் புகைப்பழக்கத்தைக் கேட்டுப் பதிந்துகொண்டு, பின்னர் யார் எதனால் இறந்தார்கள் என்பதைப் பார்த்து வந்தார்கள். அந்தப் பின்தொடர்வு 2001 வரை நீண்டது.

பரிசோதனை ஆய்வில், யாருக்கு எது கிடைக்கும் என்பதை ஆய்வாளர் எழுமாற்றாகத் தீர்மானிக்கிறார். 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் 107 காசநோயாளிகளில் 55 பேருக்கு அம்மருந்தும் ஏனைய 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் கொடுக்கப்பட்டது. ஆறு மாதங்களில் முன்னவர்களில் 4 பேரும் பின்னவர்களில் 14 பேரும் இறந்தார்கள். மருந்து எல்லோருக்கும் போதாதிருந்ததால்தான் அந்த ஏற்பாட்டை அன்று நியாயப்படுத்த முடிந்தது. விவசாய ஆய்வுகளில் இந்தச் சங்கடம் இல்லை: வெங்காயத் தோட்டத்தைப் பாத்திகளாகப் பிரித்து, ஒரே தன்மையுள்ள மண்ணை ஒரு தொகுதியாக வைத்து, தொகுதிக்குள் உரவகைகளை எழுமாற்றாக இட்டால் போதும்.

ஆனால் உங்கள் தலைப்பில், இந்தப் பிள்ளை ரியூசனுக்குப் போகட்டும், அந்தப் பிள்ளை போகக் கூடாது என்று சீட்டுக் குலுக்க எந்தத் தாயும் விடமாட்டார், விடவும் கூடாது. உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது, பாடசாலைகளில் ஏற்கெனவே இருக்கும் தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பயன்படுத்துவது. தரம் 9இல் ரியூசனுக்குப் போகாதிருந்த மாணவர்களை எடுத்து, அவர்களில் தரம் 10இல் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் பிரித்து, இரு குழுவினரின் புள்ளிகளும் முன்னிருந்த நிலையிலிருந்து எவ்வளவு மாறின என்பதை ஒப்பிடுங்கள். இது முழுமையான பரிசோதனை ஆகாது. எனினும் "அவர்கள் முன்பே கெட்டிக்காரர்கள்" என்ற மறுப்பின் பெரும்பகுதிக்கு இதில் விடை உண்டு. வீட்டு வருமானத்தையும் பெற்றோரின் கல்வியையும் கேட்டறிய உங்கள் வினாக்கொத்து அப்போது உண்மையாகவே பயன்படும்.

எண்களை விட்டு மனிதரின் பேச்சையும் அனுபவத்தையும் ஆராயும் பண்புசார் ஆய்வைப் புள்ளிவிபரத்துக்குப் பயந்தவர்களின் புகலிடமாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாடசாலையில் அதே பாடத்தை அதே ஆசிரியர் படிப்பிக்கும்போது, பெற்றோர் ஏன் பணம் கட்டி மாலையில் அவரிடமே அனுப்புகிறார்கள் என்ற கேள்விக்கு ஐந்து கட்டங்களில் புள்ளடியிட்டுப் பதில் பெற முடியாது. சில குடும்பங்களோடு நீண்ட நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். அது தனி ஆய்வுக்கே போதுமான விடயம். இரண்டையும் ஒரே வருடத்தில் செய்ய முற்படாமல் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். தவணைப் புள்ளிகளை எடுப்பதாயின் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் அதிபர்களின் சம்மதமும் தேவைப்படும் என்பதால், வினாக்கொத்தை அச்சிடுவதற்கு முன் அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.