வைர நகைக்குத் தரும் சான்றிதழை எப்படிப் படிப்பது? அது இருந்தால் நம்பி வாங்கலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். யார் கொடுத்தது, எந்தக் கல்லுக்குக் கொடுத்தது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மூன்றும் தெரிந்தால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு.

வைரம் வாங்கப் போகும் நண்பர்கள் சான்றிதழைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவது வழக்கம். கூடவே வரும் கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான்: "ஜி கலர், வி.எஸ். 2 போட்டிருக்கு, நல்லதா?" அந்த இரண்டு எழுத்துகளை வைத்து மட்டும் பதில் சொல்ல முடியாது. நான் அவற்றைக் கடைசியில்தான் பார்ப்பேன். எண், கல்லின் வகை, அளவுகள், அடியில் இருக்கும் குறிப்புகள், இவைதான் முதலில்.

அதற்கும் முன்னால் ஆய்வகத்தின் பெயர். நிறத்துக்கு டி (நிறமே இல்லாதது) முதல் இசட் (மஞ்சள் தட்டியது) வரை, தூய்மைக்கு மேலிருந்து கீழாக வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ. என்று இன்று உலகம் முழுக்கப் புழங்கும் அளவுகோல், 1931இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜி.ஐ.ஏ. நிறுவனம் 1950களில் உருவாக்கியது. அதே எழுத்துகளை மற்ற ஆய்வகங்களும் எடுத்துக்கொண்டன. கண்டிப்பை எல்லாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கல்லுக்கு ஓர் ஆய்வகம் 'ஜி' கொடுத்து, இன்னொன்று 'ஐ' கொடுப்பதெல்லாம் நடக்கும். இ.ஜி.எல். என்ற பெயரில் வந்த சான்றிதழ்கள் தரத்தை ஏற்றிப் போடுகின்றன என்ற புகார் முற்றி, 2014இல் ராப்நெட் என்ற வைர வணிகர்களின் இணையச் சந்தை அவற்றைப் பட்டியலிடுவதையே நிறுத்தியது. பெரிய தனிக் கல் என்றால் நான் ஜி.ஐ.ஏ.வைத்தான் விரும்புவேன். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் 1975இல் தொடங்கிய ஐ.ஜி.ஐ. என்ற ஆய்வகத்தின் சான்றிதழ் நகைகளிலும் ஆய்வகத்தில் வளர்த்த கற்களிலும் அதிகம் தென்படும். விற்கிற கடையே அச்சடித்துக் கொடுக்கும் அட்டையை நான் சான்றிதழ் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சிலர் கிம்பர்லி சான்று இருக்கிறது என்பார்கள். அது 2003 முதல் நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு. பட்டை தீட்டாத கற்கள் நாடு விட்டு நாடு போகும்போது, அவை போர்க்குழுக்களுக்குப் பணம் சேர்க்கும் கற்கள் அல்ல என்று உறுதி சொல்வதற்காக உள்ளது. உங்கள் மோதிரக் கல்லின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, தாளைக் கையில் எடுத்தாயிற்று. அதில் இருக்கும் அறிக்கை எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். கடைக்காரர் காட்டும் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்வதைவிட, தளத்தின் முகவரியை நீங்களே அடிப்பது நல்லது. அந்த எண் கல்லின் கர்டிலில், அதாவது மேல் பாதியும் கீழ் பாதியும் சேரும் இடுப்பு விளிம்பில், லேசரால் பொறிக்கப்பட்டிருக்கலாம். வெறும் கண்ணுக்குத் தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற கண்ணாடியைக் கேளுங்கள். பொறிப்பு இருக்கிறது என்று தாளில் இருந்தால், காட்டச் சொல்வது உங்கள் உரிமை. ஆனால் அதோடு நின்றுவிடவும் கூடாது. இயற்கை வைரத்தின் எண்ணை ஆய்வகக் கல்லில் பொறித்து ஏமாற்றும் வேலை 2021இல் ஜி.ஐ.ஏ.வின் பரிசோதனைக்கே வந்து பிடிபட்டது. அதனால் எடை, விட்டம், உள்ளே இருக்கும் புள்ளிகள் எல்லாம் தாளோடு ஒத்துப்போகின்றனவா என்று கல்லைப் பதிப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பதித்த பிறகு எடை போட முடியாது, கர்டிலும் பாதி மறைந்துவிடும்.

அடுத்து கல்லின் வகை. இயற்கையா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்பது தாளின் மேல்பகுதியிலேயே இருக்கும். சி.வி.டி., எச்.பி.எச்.டி. என்ற எழுத்துகளைக் கண்டால் கவனியுங்கள். இரண்டும் வைரம் வளர்க்கும் முறைகள். எச்.பி.எச்.டி. மட்டும் இயற்கைக் கல்லின் நிறத்தை மாற்றும் சிகிச்சையாகவும் வரும். ஆய்வகக் கல்லும் அசல் வைரம்தான். கடையில் முள்ளை வைத்துப் பார்க்கும் சாதாரணக் கருவி அதையும் வைரம் என்றே காட்டும். வித்தியாசம் விலையில், அதுவும் பெரிய வித்தியாசம். 2025 அக்டோபர் முதல் ஜி.ஐ.ஏ. ஆய்வகக் கற்களுக்கு இந்த எழுத்துத் தரங்கள் கொடுப்பதை விட்டுவிட்டு பிரீமியம், ஸ்டாண்டர்டு என்று இரண்டே வகையாகப் பிரிக்கிறது. இயற்கைக் கல்லின் சான்றிதழையும் ஆய்வகக் கல்லின் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு "இது மலிவு" என்று யாராவது சொன்னால், மரியாதையாகச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

இப்போது அளவுகள். என்னைக் கேட்டால் சான்றிதழின் உயிர் இங்கேதான் இருக்கிறது. உதாரணத்துக்கு இரண்டு வட்டக் கற்கள் வைத்துக்கொள்வோம். இரண்டும் 1.00 காரட், ஜி நிறம், வி.எஸ். 2. முதல் தாளில் 6.44 – 6.47 × 3.92 மி.மீ. என்று இருக்கிறது. இரண்டாவதில் 6.29 – 6.32 × 4.03 மி.மீ. முதல் இரண்டு எண்கள் விட்டம், மூன்றாவது உயரம். முதல் கல்லின் ஆழம் விட்டத்தில் 60.7 சதவீதம், இரண்டாவதன் ஆழம் 63.9 சதவீதம். எடை ஒன்றுதான், ஆனால் இரண்டாவது கல் தன் எடையை வயிற்றில் வைத்திருக்கிறது; மேலிருந்து பார்த்தால் முகப்பரப்பு கிட்டத்தட்ட 5 சதவீதம் குறைவு. கர்டில் 'திக்' என்று போட்டிருந்தால் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். பட்டை தீட்டுபவருக்கு 0.96 காரட்டில் அழகான கல் கிடைப்பதைவிட, இடுப்பைத் தடிமனாக விட்டு 1.00 தொடுவது லாபம். ஏனென்றால் முழு காரட்டைத் தொட்டவுடன் விலை ஒரு படி தாவும். இந்தத் தாவல் இருப்பதால்தான் ஜி.ஐ.ஏ.வும் எடையைச் சுலபத்தில் மேலே ஏற்றுவதில்லை. 0.998 காரட் கல்லுக்கு 0.99 என்றுதான் அச்சாகும், 0.999 இருந்தால்தான் 1.00.

வட்டக் கல்லுக்கு நான் பார்க்கும் வரம்பு: டேபிள் (மேலே இருக்கும் தட்டை முகம்) விட்டத்தில் 54 முதல் 58 சதவீதம், ஆழம் 59 முதல் 62.5 சதவீதம், கிரவுன் (கர்டிலுக்கு மேல் பாதி) கோணம் 34 முதல் 35 டிகிரி, பெவிலியன் (கீழ் பாதி) கோணம் 40.6 முதல் 41 டிகிரி. இது சட்டமில்லை, வடிகட்ட உதவும் ஒரு சல்லடை. பெவிலியன் மிக ஆழமானால் உள்ளே போன ஒளி பக்கவாட்டில் கசிந்து நடுப்பகுதி இருண்டுவிடும். ஆழம் மிகக் குறைந்துபோனால் டேபிளுக்குள் சாம்பல் நிற வளையம் தெரியும். வட்டக் கல்லுக்கு 'எக்ஸலண்ட்' முதல் 'புவர்' வரை வெட்டுத் தரம் கொடுக்கும் வழக்கத்தை ஜி.ஐ.ஏ. 2006இல் கொண்டுவந்தது. எக்ஸலண்ட் என்பதே அகலமான பெட்டி, அதற்குள்ளும் ஏற்ற இறக்கம் உண்டு. ஓவல் (நீள்வட்டம்), பேர் (பேரிக்காய்) போன்ற வடிவங்களில் எண்கள் அவ்வளவு உதவாது. நடுவில் கறுப்பாக வில் முடிச்சுப் போல ஒரு நிழல் விழுகிறதா என்று கல்லை அசைத்துத்தான் பார்க்க வேண்டும். அது எந்தத் தாளிலும் வராது.

முழு அறிக்கையில் கல்லின் வரைபடம் ஒன்று இருக்கும். சிவப்பு உள்ளே இருப்பது, பச்சை மேற்பரப்பில் இருப்பது. பக்கத்தில் குறியீடுகளின் பெயர்ப் பட்டியல். கிரிஸ்டல் என்றால் உள்ளே மாட்டிக்கொண்ட சிறு கனிமம், ஃபெதர் என்றால் உள்வெடிப்பு, கிளவுட் என்றால் நுண்புள்ளிகளின் கூட்டம். எஸ்.ஐ. 1 தரத்தில் இரண்டு கற்கள் இருக்கின்றன. ஒன்றில் டேபிளுக்கு நேர் கீழே கறுப்புக் கிரிஸ்டல், இன்னொன்றில் ஓரத்தில் வெளிர் ஃபெதர். தரம் ஒன்றுதான், நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். மோதிரத்தின் பிடி நகம் ஒன்று அதை மறைத்தே விடலாம். ஃபெதர் கர்டிலைத் தொட்டுக்கொண்டு நீளமாக ஓடினால் மட்டும் கல் பதிப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அழுத்தும்போது உடையும் இடம் அது. சின்னக் கற்களுக்கு வரும் சிறு அறிக்கையில் இந்த வரைபடமே இருக்காது.

அப்புறம் குறிப்புகள் என்ற பொடி எழுத்துப் பகுதி. "தூய்மைத் தரம், படத்தில் காட்டப்படாத கிளவுட்களை வைத்து முடிவானது" என்ற பொருளில் ஒரு வரி வந்தால் உஷார். படம் சுத்தமாக இருக்கும், கல் முழுக்க மங்கலாக இருக்கலாம். லேசரால் துளையிட்டுக் கறுப்பை வெளுத்தது, நிறத்தை மாற்றியது போன்ற சிகிச்சைகளையும் தாளில் தேடிப் பாருங்கள்.

நிறம், தூய்மை எழுத்துகளுக்கு இவ்வளவு போதும்: நிறத்தை ஆய்வகத்தில் கல்லைக் கவிழ்த்து, பக்கவாட்டில், மாதிரிக் கற்களோடு வைத்துப் பார்க்கிறார்கள், தூய்மையைப் பத்து மடங்கு பெருக்கத்தில் பார்க்கிறார்கள். விரலில் இருக்கும் கல்லை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. மஞ்சள் தங்கத்தில் பதிப்பதென்றால் டி, இ நிறங்களுக்குப் பணம் கொட்டுவது வீண் என்பது என் கட்சி. ஃப்ளோரசன்ஸ் என்பது புற ஊதா ஒளியில் கல் ஒளிர்வது. பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. 'வெரி ஸ்ட்ராங்' என்று இருந்தால் மட்டும் வெயிலில் பால் கலந்தது போலத் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மேலே சொன்னதெல்லாம் தனிக் கல்லுக்கு. நீங்கள் நகை என்று கேட்டிருப்பதால் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜி.ஐ.ஏ. பதிக்காத கல்லுக்குத்தான் தர அறிக்கை கொடுக்கிறது. முழு நகைக்கு என்று வரும் சான்றிதழ்கள் வேறு ஜாதி. அதில் எடை சில சமயம் விட்டத்தை அளந்து கணக்குப் போட்ட மதிப்பீடு. நிறம் 'எஃப்–ஜி', தூய்மை 'வி.எஸ்.–எஸ்.ஐ.' என்று வீச்சாக இருக்கும். "பதிப்பு அனுமதிக்கும் அளவுக்கு" பார்த்தோம் என்றும் ஒரு வரி இருக்கும். மொத்த எடை 1 காரட் என்பது ஒரே கல்லாக இருக்கலாம், தலா 5 சென்ட்டில் (0.05 காரட்) 20 பொடிக் கற்களாகவும் இருக்கலாம். இரண்டின் விலையும் பக்கத்தில்கூட வராது. எனவே நடுக்கல் பெரிதாக இருந்தால், நகைச் சான்றிதழோடு அந்தக் கல்லின் தனி அறிக்கையையும் கேளுங்கள். பொடிக் கற்களுக்குத் தனி அறிக்கை கேட்டு மல்லுக்கட்ட வேண்டாம், யாரும் தர மாட்டார்கள், செலவுக்குக் கட்டாது.

தர அறிக்கையில் விலை இருக்காது. சான்றிதழ் என்ற பெயரில் ஒரு பெரிய தொகையைப் போட்டு, "பாருங்கள், இதைவிடக் குறைத்துத் தருகிறோம்" என்றால் அது மதிப்பீட்டுத் தாள், வேறு சமாச்சாரம். அதே எடை, நிறம், தூய்மை, வெட்டு, அதே ஆய்வகம் என்று இன்னும் இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டால் நிலவரம் தெரிந்துவிடும்.

பணம் கட்டும்போது அறிக்கை எண், எடை, நிறம், தூய்மை, இயற்கையா ஆய்வகக் கல்லா என்ற விவரம், இத்தனையும் பில்லில் எழுதி வாங்குங்கள். 'டைமண்ட் ரிங் – 1' என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு நாளைக்கு எதையும் கேட்க முடியாது.