இருக்கிற பாலத்தையே போர் நினைவுச் சின்னமாக்கலாமா?

மட்டக்களப்பில் இருக்கும் கல்லடிப் பழைய பாலத்தைப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னமாக அறிவிக்கலாமா, புதிதாகத்தான் கட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டத் தேவையில்லை. சிட்னியில் 1995இல் திறந்த பாலம் ஒன்றுக்கு, 1998 நவம்பர் 11இல்தான் முதலாம் உலகப் போரின் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படை (அன்சாக்) வீரர்களின் நினைவாக அன்சாக் பாலம் என்று பெயர் வைத்தார்கள். டெல்லியில் 1931இல் திறந்த இந்தியா கேட்டின் கீழ், 1971 போரில் இறந்தவர்களுக்காக 1972இல் அணையா விளக்கு ஏற்றினார்கள். (2022இல் அந்தச் சுடரை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அது வேறு கதை.)

அவ்வளவு தூரம் ஏன், காத்தான்குடிக்குப் போய்ப் பாருங்கள். 1990 ஆகஸ்ட் 3 அன்று தொழுகையில் இருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட மீரா ஜும்ஆப் பள்ளிவாசலில், சுவரில் பட்ட குண்டுத் துளைகளை மூடாமல் விட்டிருக்கிறார்கள். தொழுகையும் நடக்கிறது. எந்தக் கல்தூணும் இவ்வளவு பேசாது.

சரி, கல்லடிக்கு வருவோம். 1924இல் ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரில் வந்த பாலம் அது. 2013இல் பக்கத்திலேயே புதுப்பாலம் திறந்துவிட்டார்கள். முதலில் பாலத்துக்குப் பொறுப்பான திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அதைக்கூட வாங்கிவிடலாம். பெயர்ப்பலகையில் யார் யார் பெயர் என்பதில்தான் கூட்டம் இழுபடும். என்னைக் கேட்டால், எல்லாச் சமூகத்தவரையும் கூப்பிட்டு அதை முதலில் பேசி முடித்துவிட்டு, அப்புறம் விண்ணப்பம் எழுதுங்கள்.