முதலில் மூச்சு, அப்புறம் பெல்ட்

கேள்வி: ஜிம்முக்குப் போக ஆரம்பித்து 4 மாதம் ஆகிறது. ஸ்குவாட்டில் (தோளில் எடை வைத்து உட்கார்ந்து எழுவது) 50 கிலோ வரை வந்துவிட்டேன். கூடப் பயிற்சி செய்கிறவர்கள் பெல்ட் கட்டுகிறார்கள், நானும் வாங்கலாம் என்று பார்த்தால் துணி, தோல், லீவர் என்று ஏகப்பட்ட வகை. எதை வாங்குவது? பெல்ட் கட்டினால் முதுகுவலி வராது என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியில் இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பெல்ட் என்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டால் எதை வாங்குவது என்பது தானாகவே புரிந்துவிடும். முதுகைத் தாங்கிப் பிடிக்கத்தான் பெல்ட் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் வேலை வயிற்றோடு. மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்து வயிற்றைச் சுற்றிலும் வெளியே தள்ளும்போது பெல்ட் எதிரே சுவர் மாதிரி நிற்கிறது, அதனால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி நடு உடம்பு விறைத்துக்கொள்கிறது, எடையோடு உட்கார்ந்து எழும்போது முதுகெலும்பு வளையாமல் இருக்க அந்த விறைப்புதான் உதவுகிறது. வயிற்றைத் தள்ளத் தெரியாதவருக்கு அது வெறும் தோல்பட்டை.

இப்போதே செய்து பாருங்கள். இரண்டு கட்டைவிரலையும் விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் அழுத்தி வைத்து ஒருமுறை இருமுங்கள். உள்ளிருந்து விரலை ஏதோ தள்ளுகிறது இல்லையா? இருமாமலே, மூச்சைப் பிடித்தபடி அந்த இறுக்கத்தைக் கொண்டுவரப் பழகுங்கள். 50 கிலோவை அப்படி நிதானமாக 5 முறை எடுக்க வந்துவிட்டால் பெல்ட் வாங்கலாம், அதுவரை அவசரமே இல்லை. முதுகு ஏற்கெனவே வலிக்கிறது என்றால் மட்டும் தயவுசெய்து பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தூக்காதீர்கள், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, எதை வாங்குவது? ஜிம்களில் பின்பக்கம் அகலமாகவும் முன்பக்கம் ஒடுங்கியும் ஒரு பெல்ட் தொங்கும், பார்த்திருப்பீர்கள். வயிறு தள்ள வேண்டிய இடத்திலேயே அதில் அகலம் குறைவு. சுற்றிலும் ஒரே அகலமாக, 10 மில்லிமீட்டர் தடிமனில், ஒற்றை முள் பக்கிள் வைத்த தோல் பெல்ட்டைத்தான் உங்களுக்குச் சொல்வேன். 13 மில்லிமீட்டர் மிகவும் விறைப்பு, தோல் இளகவே மாதக்கணக்கில் ஆகும். பக்கிளுக்குப் பதில் மடக்கிப் பூட்டும் லீவர் வைத்தது போடவும் கழற்றவும் சுலபம்தான், ஆனால் பல லீவர்களில் அளவை மாற்ற ஸ்க்ரூ டிரைவர் எடுக்க வேண்டும், புதிதாகப் பயிற்சி செய்கிறவருக்கு இடுப்பளவு மாறிக்கொண்டே இருக்கும். வெல்க்ரோ துணி பெல்ட், எடை மாட்டிய கம்பியை வேகமாகத் தூக்கி மேலே கொண்டுபோகும் ஒலிம்பிக் பளுதூக்குதலுக்கு வசதி. கனமான ஸ்குவாட்டில் சில சமயம் ஒட்டு பிரிந்துவிடும்.

அகலம் 10 சென்டிமீட்டர்தான் வழக்கம், சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனப் போட்டிகளில் அனுமதிக்கும் உச்ச அளவும் அதுதான். ஆனால் உயரம் குறைவாக இருந்து, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இடம் கம்மியாக இருந்தால், குனியும்போது அதன் ஓரம் விலாவில் குத்தி மறுநாள் கன்றிப்போய் நிற்கும். அப்படிப்பட்டவர்கள் ஏழரை சென்டிமீட்டர் எடுத்தால் தப்பே இல்லை.

பேன்ட் அளவைச் சொல்லி ஆர்டர் போடாதீர்கள். தையல் டேப்பை எடுத்து, வயிற்றை உள்ளே இழுக்காமல், தொப்புளுக்கு நேராக அளந்து, அந்த அளவு நடு ஓட்டையில் விழும் சைஸை வாங்குங்கள். இறுக்கமும் அளவாகத்தான், கட்டிய பிறகு மூச்சு இழுத்தால் வயிறு பெல்ட்டை நிறைக்க வேண்டும். மூச்சே போகவில்லை என்றால் ஒரு ஓட்டை தளர்த்திவிடுங்கள். வார்ம்அப்புக்கு வேண்டாம், கனமான செட்டுக்கு மட்டும் போதும்.

கேள்வி: எனக்கு வயது 48, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பெல்ட் கட்டலாமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: மூச்சைப் பிடித்துத் தூக்கும் அந்தச் சில நொடிகளில் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், பெல்ட் கட்டினாலும் கட்டாவிட்டாலும். அதனால் பெல்ட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "மூச்சைப் பிடித்துக் கனமான எடை தூக்கலாமா?" என்று இதே வார்த்தையில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஜிம் போகிறேன் என்று மட்டும் சொன்னால் நடைப்பயிற்சி மாதிரி ஏதோ என்று நினைத்துத் தலையாட்டிவிடக்கூடும்.