மகளுக்கு ரீஃபர்பிஷ்டு (பழசைச் சரிபார்த்து விற்பது) லேப்டாப் 23,000 சொல்கிறார்கள் (8-ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி). நாங்கள் இருப்பது மண்டபம். இந்த விலைக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் 23,000 கொடுக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

மண்டபம் என்கிறீர்கள், மகளுக்கு என்கிறீர்கள். கடல் தொழில் வீடுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அரசு நிவாரணம் 8,000 ரூபாய். கல்லூரிக் கட்டணம் கட்டச் சொல்வதும் அதே நேரத்தில்தான். இது தெரியாதவர்கள்தான் "இன்னும் இருபதாயிரம் போட்டுப் புதுசாகவே வாங்கிவிடுங்களேன்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த இருபதாயிரத்தை அவர்கள் கொடுத்தால் நானும் புதுசுதான் வாங்குவேன்.

எனக்குத் தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை. தங்கச்சி மகள் பிசிஏ சேர்ந்தபோது லேப்டாப் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைக்குப் பழசு வாங்க மனசே இல்லை. "மச்சான், தாய்மாமன் பழசை வாங்கித் தந்தான்னு நாலு பேரு பேசுவாக. உங்களுக்குத்தான் அசிங்கம்" என்றார். "பேசுறவுக பேசட்டும் மாப்ளே, கெட்டுப்போனா அவுகளா சரிபண்ணித் தரப்போறாக?" என்று சொல்லிவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் இரண்டு டெல் லாட்டிட்யூட் (கம்பெனிகள் ஆபீசுக்கு வாங்கும் மாடல்) எடுத்து வைத்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றின் ப்ராசஸர் ஐ5-7300யூ, அதாவது 7-ஆம் தலைமுறை. இன்னொன்று ஐ5-8350யூ, 8-ஆம் தலைமுறை. விலையில் இரண்டாயிரம்தான் வித்தியாசம். ஆனால் முதலாவதில் இரண்டு கோர் (ப்ராசஸருக்குள் வேலை செய்யும் மூளை), இரண்டாவதில் நான்கு. அதோடு விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்வது இன்டெலில் பொதுவாக 8-ஆம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஏழாம் தலைமுறையில் விண்டோஸ் 11-ஐ எப்படியோ ஏற்றித் தருவார்கள், ஓடவும் ஓடும். அப்டேட்டுக்கு யார் உத்தரவாதம்? உங்களுக்குச் சொன்னது எட்டாம் தலைமுறை என்பதால் இதில் தப்பித்தீர்கள். ஆனாலும் செட்டிங்ஸில் 'அபௌட்' பக்கத்தைத் திறந்து நீங்களே பாருங்கள், ஸ்டிக்கரை நம்பாதீர்கள்.

அடுத்தது பேட்டரி. "நாலு மணி நேரம் தாராளமா நிக்கும் சார்" என்றார் கடைக்காரர். நான் விண்டோஸில் கட்டளை அடிக்கும் கமாண்ட் ப்ராம்ட்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று (எல்லாம் ஆங்கில எழுத்தில்) அடித்தேன். அது ஒரு கோப்பை எழுதி வைக்கும். அதைத் திறந்தால் 'டிசைன் கெப்பாசிட்டி' 60,000 மில்லிவாட் மணி, 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' 34,000-க்குக் கீழே. பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிச்சம். கடைக்காரர் முகம் மாறிவிட்டது. புது பேட்டரி போட்டுத் தாருங்கள், இல்லை மூவாயிரம் குறையுங்கள் என்றேன். முனகிக்கொண்டே போட்டுத் தந்தார்.

என் கண்முன்னே போடச் சொன்னதற்கு வேறு காரணம் உண்டு. அடி மூடியைக் கழற்றும்போது உள்ளே பார்க்கலாம் இல்லையா? ஃபேன் இறக்கைகளில் சாம்பல் நிறத்தில் காய்ந்த தூசி, போர்டில் எங்கேயும் பச்சை இல்லை. அதுதான் எனக்கு வேண்டியது. உப்புக்காற்று பட்டால் செம்பு பச்சை பூக்கும், யூஎஸ்பி ஓட்டைக்குள் பழுப்பாகத் துரு ஏறும். என் கடை கம்ப்யூட்டரைத் திறந்தால் தெரியும், ஸ்க்ரூ தலை ஒன்றில்கூட திருப்புளி பிடிக்காது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே வயதும் துருவுமாகச் சேர்ந்து 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்துவிட்டன. இரண்டு வருஷத்துக்கு மேல் ராமேஸ்வரத்துக்கு ரயிலே வரவில்லை. லேப்டாப் எம்மாத்திரம்?

அதனால்தான் சொல்கிறேன், நம் பக்கத்தில் புதுசா பழசா என்று பார்ப்பதைவிடத் திறந்து சரிபண்ண முடியுமா என்று பார்க்க வேண்டும். கம்பெனிகள் கழித்துவிடும் மாடல்கள் பெரும்பாலும் ஏசி ஆபீசிலேயே காலம் தள்ளியவை. அடி மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பேட்டரி, எஸ்எஸ்டி எல்லாம் கைக்கு வரும். பலவற்றில் ராமையும் மாற்றலாம். கழற்றி மாட்டும் கையேட்டையே டெல் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. விலை குறைந்த ஒல்லிப் புது மாடல்கள் பலவற்றில் ராம் போர்டோடு ஒட்டியே வரும். கச்சான் உப்புக்காற்று ஒரு சீசன் அடித்து அது போனால் போர்டையே மாற்றச் சொல்வார்கள். லெனோவோ, எச்பி ஆட்கள் சண்டைக்கு வர வேண்டாம். திங்க்பேடும் எலைட்புக்கும் இதே ரகம்தான். எனக்கு எந்தக் கடையிலும் கமிஷன் இல்லை. கேம் விளையாட, வீடியோ எடிட்டிங் பண்ண இது போதாது என்று யாராவது எழுதுவார்கள். போதாதுதான், இங்கே யார் அதைக் கேட்டார்கள்?

ஆன்லைனில் இன்னும் மலிவு என்பார்கள். அதைப் பற்றி என் வாயைக் கிளறாதீர்கள். 623 என்று பின்கோடு தொடங்கினாலே கூரியர்காரர்களுக்கு நாம் இலங்கையில் இருப்பதாக நினைப்பு. "வீட்டில் ஆள் இல்லை" என்று மெசேஜ் வரும். நான் காலையிலிருந்து கடை வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்! போன் போட்டால் "ராமநாதபுரம் வந்து வாங்கிக்கங்க சார்". டெலிவரி சார்ஜ் மட்டும் முழுசாக வாங்கிக்கொள்வார்கள். ஒரு பிரிண்டர் டோனருக்கு இந்தக் கூத்து என்றால், திருப்பி அனுப்ப வேண்டிய லேப்டாப்புக்கு என்ன ஆகும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடையில் ஆன் செய்யும்போதே எஃப்2 தட்டுங்கள் (டெல் என்றால்). விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் என்ற செட்டிங்ஸ் திரை திறக்கும். அது பாஸ்வேர்டு கேட்டால் அந்த மெஷின் வேண்டாம். பிறகு விண்டோஸை ரீசெட் செய்து, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைக்கச் சொல்லுங்கள். ஏதாவது கம்பெனி பெயர் போட்டு லாகின் கேட்டால், பழைய முதலாளி இன்னும் அதைத் தன் கணக்கிலிருந்து விடுவிக்கவில்லை என்று அர்த்தம், அதுவும் வேண்டாம். இதற்கு நேரமாகும், கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும், கையில் இருப்பது உங்கள் காசு. நோட்பேடில் எல்லா எழுத்தையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள், சார்ஜர் ஒரிஜினலா என்றும் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்து, பேட்டரியின் ஃபுல் சார்ஜும் டிசைன் கெப்பாசிட்டியில் எண்பது சதவீதத்துக்கு மேல் காட்டினால் 20,000 வரை போகலாம். பேட்டரி பாதிதான் என்றால் பதினேழுக்கு மேல் தராதீர்கள். வாரண்டியை வாயால் சொன்னால் போதாது. சீரியல் நம்பரோடு பில்லில் எழுதி, சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் பக்கத்துக் கடை.