சூடு பட்டால் வலி தெரிவதற்கு முன்பே கை விலகுவது எப்படி?

போன வாரம் துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது இஸ்திரிப் பெட்டியின் தகட்டில் சுண்டுவிரல் பட்டுவிட்டது. கை வெடுக்கென்று விலகிப் பின்னாலிருந்த நாற்காலியில் இடித்தது. அதற்கப்புறம்தான் 'சுரீர்' என்றது. நீங்கள் கேட்பதும் இதைத்தானே?

கையை இழுத்தது மூளை இல்லை, தண்டுவடம். இப்படி யோசிக்காமலே நடப்பதைத்தான் அனிச்சைச் செயல் (ரிஃப்ளெக்ஸ்) என்கிறோம். தோலில் உள்ள நரம்பு முனைகள் சூட்டை உணர்ந்ததும் செய்தி உணர்ச்சி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் போகிறது. அங்குள்ள இடைநிலை நரம்பணுக்கள் அதை வாங்கி அப்படியே இயக்க நரம்புக்குக் கைமாற்றிவிடுகின்றன. மேற்கையின் முன்பக்கத் தசை சுருங்குகிறது, முழங்கை மடங்குகிறது. கூடவே பின்பக்கத் தசைக்கு 'நீ தளர்ந்துகொள்' என்றும் ஓர் உத்தரவு போகும். இல்லாவிட்டால் இரண்டும் எதிரெதிராக இழுத்துக்கொண்டு கை அங்கேயே நின்றுவிடும். ஆணியை மிதித்தால் இன்னும் பிரமாதம்: குத்துப்பட்ட கால் மேலே போகும்போதே மறுகால் விறைத்து உடம்பைத் தாங்கிக்கொள்ளும்.

மூளைக்கும் செய்தி போகிறது, கொஞ்சம் தாமதமாக. அந்தச் சுரீர் ஓரளவு வேகமான நரம்பு இழைகளில் வருவது. பின்னால் வரும் எரிச்சலோ உறையில்லாத மெல்லிய இழைகளில், நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் வேகத்தில், நாம் நடப்பதுபோல ஆடி அசைந்து வந்து சேரும்.

அதற்காக மூளை சும்மா வேடிக்கை பார்க்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கொதிக்கும் பானம் நிறைந்த கோப்பை கையைச் சுட்டாலும், பல்லைக் கடித்துக்கொண்டு மேசைவரை கொண்டுபோய் வைக்கிறோமே, அது மூளை போடும் கடிவாளம்தான். பக்கவாதம் வந்து அந்தக் கடிவாளம் அறுந்தவர்களுக்கு, நாளடைவில் அனிச்சைச் செயல் அளவுக்கு மீறித் துள்ளும்.

மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டுவதும் அனிச்சைச் செயல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். தட்டும்போது தொடைத் தசை ஒரு நூலளவு இழுபடுகிறது. அந்தச் செய்தி இடைநிலை நரம்பணுகூட இல்லாமல் நேராக இயக்க நரம்பைத் தொட, கால் உதைக்கிறது. உதை அதிகமானால் மேலே, மூளையிலோ தண்டுவடத்திலோ கோளாறு இருக்கலாம், வராவிட்டால் அந்த நரம்புப் பாதையில். எனக்கு ஒருமுறை வரவே இல்லை, பயந்துபோனேன். இரண்டு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்து இழுக்கச் சொல்லிவிட்டு மறுபடி தட்டினார், கால் எகிறியது! ஹங்கேரி மருத்துவர் யெண்ட்ராசிக் 19-ஆம் நூற்றாண்டில் சொன்ன உத்தியாம் அது.

இன்னொன்று. பாய்ந்து பந்தைப் பிடிப்பவரையும் 'நல்ல ரிஃப்ளெக்ஸ்' என்கிறோம். அது வேறு கதை. பார்த்து, கணித்து, பழக்கத்தில் கை நீட்டுவது, முழுக்க மூளையின் வேலை.