பழைய படகுக்குப் புது வயரிங்: யாரிடம் கொடுப்பது?

கேள்வி: 30 வருடப் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். டீசல் என்ஜின், 12 வோல்ட் பேட்டரி இரண்டு. முன்பக்க லைட் மங்கலாக எரிகிறது. என்ஜினை ஸ்டார்ட் செய்தால் ஜிபிஎஸ் அணைந்துவிடுகிறது. பேனலுக்குப் பின்னால் எந்த வயர் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. ஒருவர் போனிலேயே மொத்தமாக ஒரு தொகை சொன்னார். இன்னொருவர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டும் என்கிறார். வீட்டு வயரிங் செய்யும் தெரிந்தவர் ஒருவர், பாதி விலைக்குச் செய்து தருகிறேன் என்கிறார். யாரிடம் கொடுக்கலாம்?

பதில்: இப்போதைக்கு மூவரிடமும் வேண்டாம். வயரிங் வேலையைக் கொடுப்பதற்கு முன்னால், இருக்கும் வயரிங்கைப் பரிசோதித்து வரைபடம் போட்டுத் தருவதைத் தனி வேலையாகக் கொடுங்கள். அதற்குத் தனியாகவே கூலி கொடுத்துவிடுங்கள். பரிசோதித்தவரே மீதி வேலையையும் செய்யலாம், வேறு ஒருவரும் செய்யலாம். வரைபடம் மட்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுகளுக்கும் முழு வயரிங்கையும் மாற்றத் தேவையில்லாமலே போகலாம். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும் அந்த ஓரிரு விநாடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரை இழுக்கும். ஜிபிஎஸ்ஸும் அதே பேட்டரியில் இருந்தால், வோல்டேஜ் சட்டென்று இறங்கி அணைந்துவிடும். ஸ்டார்ட் செய்ய ஒரு பேட்டரி, மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொன்று என்று பிரித்துவிட்டாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். பேட்டரி வலுவிழந்திருக்கிறதா, டெர்மினல் தளர்ந்திருக்கிறதா என்பதையும் அதோடு பார்க்கச் சொல்லுங்கள்.

மங்கலான லைட்டுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலில் சந்தேகப்பட வேண்டியது பச்சை பூத்த ஜாயின்ட். அடுத்தது வயரின் தடிமன். முன்பக்க லைன் 5 ஆம்பியர் இழுக்கிறது, பேனலிலிருந்து 8 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே கணக்குக்கு 16 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் வழியிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். 12 வோல்ட்டில் அது 4 சதவீதத்தைத் தாண்டுகிறது. வழிகாட்டும் லைட் போன்ற முக்கியமான இணைப்புகளுக்கு இழப்பு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நடைமுறை. அந்தக் கணக்குக்கு 4 சதுர மில்லிமீட்டர் நூலிழையில்தான் தேறும், ஆகவே 6 சதுர மில்லிமீட்டர் போடுவதே நல்லது. வேலைக்கு வருபவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 'வீட்டில் 5 ஆம்பியருக்கு இந்த வயரே தாராளம்' என்று பதில் வந்தால், அவருக்குப் படகு வேலை பழக்கமில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

உங்களுக்குத் தெரிந்தவர் வீட்டு வேலையில் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். படகில் அதிர்வு ஓயாது, உப்பும் ஈரமும் விடாது. ஒற்றைக் கம்பி வயர் அதிர்வில் ஒடியும், அதனால் பல இழை வயர்தான் போட வேண்டும். சாதாரணச் செம்பு இழைகள் உறைக்குள்ளேயே கறுத்துப்போகும், அதனால் ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். வயரை முறுக்கி டேப் சுற்றுவது கூடவே கூடாது. சால்டரை மட்டும் நம்பி ஒரு ஜாயின்ட்டை விடுவதும் தவறு. சரியான கருவியால் கிரிம்ப் செய்து, அதாவது உலோக முனையை வயரோடு அழுத்தி இறுக்கி, சூட்டில் சுருங்கும், உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடுபடுத்தி மூட வேண்டும்.

கரையிலிருந்து 120 அல்லது 230 வோல்ட் இழுக்கும் ஏற்பாடு உங்கள் படகில் இருந்தால், அந்தப் பகுதியைப் படகு மின்வேலை தெரிந்தவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. கரை மின்சாரத்தில் இருக்கும்போது நியூட்ரலும் எர்த்தும் படகுக்குள் ஒன்று சேரக் கூடாது. சில நாடுகளில் வீட்டுப் பேனலில் அவை இரண்டையும் சேர்த்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் படகிலும் சேர்த்துவிட்டால், கசியும் மின்சாரம் தண்ணீருக்குள் இறங்கலாம். பக்கத்தில் நீந்துபவரின் உயிரே போய்விடும், நன்னீரில் இந்த அபாயம் இன்னும் அதிகம். கசிவை உணர்ந்து தானே அணையும் பிரேக்கர் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

சரி, ஆளை எப்படி எடைபோடுவது? எந்தத் தரத்தின்படி வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். படகுகளுக்கான தரங்களை வகுக்கும் அமெரிக்காவின் ஏபிஒய்சி அமைப்பு படகு எலக்ட்ரீஷியன்களுக்குச் சான்றிதழ் தருகிறது, அதன் ஈ-11 விதிகள் படகு மின்வேலைக்கானவை. சிறு படகுகளுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 13297. ஆனாலும் சான்றிதழைவிட அவர் ஏற்கெனவே செய்த படகு ஒன்றின் பேனலைத் திறந்து பார்ப்பதைத்தான் நான் அதிகம் நம்புவேன். வயரின் இரு முனையிலும் பெயரோ எண்ணோ இருக்கிறதா? அரை மீட்டருக்கு ஒரு இடத்திலாவது வயரைக் கிளிப்பால் பிடித்துக் கட்டியிருக்கிறாரா? ஒரே போல்ட்டில் நான்குக்கு மேல் டெர்மினல்களைத் திணித்திருக்கிறாரா? பத்து நிமிடத்தில் ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

பரிசோதனை முடிந்த பிறகு எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். ஒவ்வொரு லைனுக்கும் வயர் அளவு, ஃபியூஸ் அளவு இரண்டும் அதில் இருக்க வேண்டும். பழைய படகில் உறைகளுக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, எனவே எதிர்பாராத வேலைக்கு மணிக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். செலவில் பெரும்பகுதி வயருக்கு அல்ல, எட்டாத இடங்களுக்குள் கையை விடும் நேரத்துக்குத்தான் போகிறது. அலமாரிகளைக் காலி செய்வது, உட்புறப் பலகைகளைக் கழற்றுவது எல்லாவற்றையும் நீங்களே செய்துவைத்தால் கணிசமாக மிச்சமாகும். பழைய வயரை உருவும்போது அதன் முனையில் ஒரு கயிற்றைக் கட்டி இழுக்கச் சொல்லுங்கள், புது வயருக்கு வழி தயாராகிவிடும். பின்னால் லித்தியம் பேட்டரி போடும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். அது சார்ஜை அடக்கமில்லாமல் இழுப்பதால், என்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் சாதாரண ஆல்டர்நேட்டர் சூடாகிக் கெட்டுப்போகலாம். காப்பீடு இருந்தால், என்ன சான்று கேட்பார்கள் என்று வேலை தொடங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கடைசித் தவணையை, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு முன்பக்க லைட்டில் வோல்டேஜை அளந்து காட்டிய பிறகு கொடுங்கள். திருத்திய வரைபடமும் அன்றே கைக்கு வந்தாக வேண்டும்.

அப்புறம், ஆள் கிடைக்கும் வரை காத்திருக்கக் கூடாத ஒன்று உண்டு. பேட்டரியிலிருந்து கிளம்பும் பாசிட்டிவ் வயர்களைப் பாருங்கள். ஸ்டார்ட்டருக்குப் போவதைத் தவிர மற்ற ஒவ்வொன்றிலும், பேட்டரியிலிருந்து சுமார் 18 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப்புக்கு மெயின் ஸ்விட்சைத் தொடாமல் நேரே போகும் வயரிலும் அது வேண்டும். முன்பிருந்தவர்கள் அவ்வப்போது சேர்த்த வயர்களில்தான் இது பெரும்பாலும் விடுபட்டிருக்கும். ஃபியூஸ் இல்லாமல், எங்கே போகிறது என்றும் தெரியாமல் இருக்கும் வயரை இன்றே பேட்டரியிலிருந்து கழற்றி, முனையை மூடிக் கட்டிவையுங்கள். அப்படிக் கழற்றியதும் எது வேலை செய்யாமல் போகிறது என்று குறித்துக்கொண்டால், வரைபடம் போட வருபவருக்கும் அது உதவும்.